அக்காவுக்குப் பாயின்ட் தவறிய வருஷம்

நம் வயசுக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் சின்னப் பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிப்போகிறார்கள். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வருகிற நாம்தான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இந்த காம்பவுண்டு சுவரெல்லாம் எழும்புவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று பேசிக்கொண்டே ஒரகடம் வரை போகிறோம். போன மாதம் அப்படிப் பேச்சு வந்தபோது பக்கத்தில் இருந்தவள் என்னைக் கேட்டாள். கார் சீட்டு உறை தைக்கிற லைனில் இத்தனை வருஷம் செக்கிங்கில் நிற்கிறாயே, ஒரு நாள்கூட மெஷினில் உட்காருகிறேன் என்று கேட்டதில்லையே, ஏன் என்று. அதற்குள் கேட் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது.

எங்கள் வீட்டில் தைத்தவள் அக்கா.

எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயசு இருக்கும். அக்காவுக்குக் கல்யாண வயசு. அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஓட்டு வீடு, முன்னறையில் இரண்டு தையல் மெஷின். ஜன்னலை ஒட்டினது அக்காவுடையது, கதவோரத்தில் இருந்தது அம்மாவுடையது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, வெளிநாட்டுக்கு ஒட்டுப் போர்வை அனுப்பிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, அந்தக் கட்டங்களை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. நம் ஊர் வெயிலுக்கு யாரும் போர்த்தமாட்டார்கள். கட்டம் தைக்கிற வேலையை மட்டும் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். வெட்டின துண்டுகள் கட்டுக் கட்டாக வேனில் வந்து இறங்கும், தைத்த கட்டங்கள் அதே வேனில் போகும். வேன் வந்துபோன நாளில் வீடு முழுக்கப் புதுத்துணிக் கஞ்சி வாசனை அடிக்கும். சோற்றில்கூட அடிக்கும்.

அந்த வருஷம் வந்தது நட்சத்திரக் கட்டம். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிலும் முக்கோணங்கள். சேர்த்துத் தைத்தால் எட்டு முனையுள்ள நட்சத்திரம். கேட்க லேசாக இருக்கும். ஆனால் அந்த முனை இருக்கிறதே, அதைத்தான் கம்பெனியில் பாயின்ட் என்பார்கள், அதில்தான் எல்லாம். ஒவ்வொரு முனைக்கும் மேலே கால் இஞ்ச் துணி மிச்சம் இருக்கவேண்டும். அடுத்த துண்டோடு இணைக்கும்போது தையல் சரியாக முனையின் நுனியைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். நூலளவு உள்ளே போனால் முனை வெட்டுப்பட்டு மழுங்கிவிடும். நூலளவு வெளியே போனால் முனை ஓரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இரண்டுமே ரிஜெக்ட்.

அக்கா மழுங்க விட்டதே இல்லை. துணியைக் கவிழ்த்துப் பிடித்தால் முதலில் போட்ட தையல்கள் இரண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ஓடுவது தெரியும். அந்தக் குறியின் நடு மையத்தில் ஊசி இறங்கவேண்டும். அவள் அந்த மையத்தில் ஒரு குண்டூசியை நேராக இறக்கி, கீழ்த்துண்டின் முனையிலும் அதே ஊசி வெளியே வருகிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் மிதிப்பாள். முக்கோணத்தின் சாய்ந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி இளகிப்போகும் என்று அதைத் தொடவே விடமாட்டாள். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் தேய்க்கவும் மாட்டாள், வைத்து எடுப்பாள் அவ்வளவுதான். அம்மாவின் கட்டங்கள் சில திரும்பி வரும். அவற்றைப் பிளேடால் பிரிக்கிற வேலை என்னுடையது. அக்காவின் கட்டங்களைப் பிரித்த ஞாபகம் எனக்கு இல்லை. அந்த ஆடி மாசம் வரைக்கும் இல்லை.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், அடுத்த தெருவில் இருந்தார். அப்பா ஊரில் இல்லாத வீட்டுக்கு அவர் பேச்சுதான் சட்டம். அவர் மகனுக்கு அக்கா என்பது அக்கா பிறந்தபோதே பேசினது. மாமா பையன் அப்போதுதான் புதிதாக வந்த கார் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தார். சாம்பல் கலர் யூனிபாரத்தோடு சைக்கிளில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவார். இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னிடம் பேசுவார், பேச்செல்லாம் உள்ளே மெஷினில் இருப்பவளுக்குக் கேட்பதற்காக. மிதிக்கிற சத்தம் நின்றுபோகும். அவர் கிளம்பினதும் மறுபடி தொடங்கும். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஆடியில் ஒரு நாள் வேன் வந்தபோது அக்காவின் கட்டங்கள் திரும்பி வந்தன. சாக்பீஸால் வட்டம் போட்டிருந்த இடத்திலெல்லாம் முனை வெட்டுப்பட்டிருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாறிப்போய் வேறு வீட்டுக் கட்டம் வந்துவிட்டது என்றுதான் முதலில் சொன்னாள். அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்த தடவை அதிகமாக வந்தது. நான் பிளேடும் கையுமாக உட்கார்ந்து அக்காவின் தையலைப் பிரித்தேன். பிரிக்கவே வராது, அவ்வளவு நெருக்கமான தையல். இடம் மட்டும் தப்பு.

அம்மா திட்ட ஆரம்பித்தாள். கல்யாணம் நெருங்குகிற பெண்ணுக்கு மனசு மெஷினில் இல்லை என்றாள். அக்கா அடுத்த துண்டை எடுத்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்து ஒடிந்த மாதிரி சாய்ந்திருக்கும். இதென்ன புது ஸ்டைல் என்று அம்மா கேட்டாள். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்தால் கொஞ்சம் தெளிந்துவிடும். வந்து அடுப்பு பற்றவைப்பாள்.

கல்யாணம் ஆகாத பெண் காலையில் வாந்தி எடுத்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேன் நின்றிருந்தது. டிரைவர் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். இளவயசுப் பையன், தென்பக்கத்து ஊர்க்காரன், எங்களை எல்லாம் வாங்க போங்க என்று பேசுவான். அக்கா எதிரில் நின்று கட்டுகளை வாங்கினாள். அவன் எதையோ நீட்டினான். அக்கா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அவன் கையைப் பார்த்து வாங்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் தினமும் பார்க்கிறதுதானே. வேன் போகிற வரைக்கும் மாமா வாசலிலேயே நின்றார். அப்புறம் உள்ளே வந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"உன் பொண்ணு வேன்காரனப் பாத்துக் கண்ணடிக்குது. நான் என் கண்ணால பாத்தேன்."

அம்மா முகம் அப்போது எப்படிப் போனது என்பதை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா இல்லை என்று சொல்லக்கூட இல்லை. அவளுக்கு என்ன பேசுகிறார்கள் என்றே முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதையும் குற்றமுள்ளவள் உட்காருகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மழுங்கின முனை, காலை வாந்தி, மூடின கண், எல்லாவற்றையும் அம்மா அந்த ஒரு நிமிஷத்தில் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் அம்மா, படப்பையில் தனக்குத் தெரிந்த ஒரு நர்ஸிடம் அக்காவைக் கூட்டிப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள், துணைக்கு ஒரு சின்னப்பெண் இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஷேர் ஆட்டோவில் அக்கா என் தோள்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, பித்தமாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். அம்மா அந்த வாசலிலேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்றுமில்லை என்கிற நிம்மதியில், அப்படியானால் எதற்கு வாந்தி வருகிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வரும்போது எங்களுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தாள்.

மாமாவுக்கு அந்த நிம்மதியெல்லாம் போதவில்லை. பார்த்தது பார்த்ததுதான் என்றார். என் வீட்டுக்கு இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சொல்லி வேனுக்கு டிரைவரை மாற்ற வைத்தார். சாம்பல் யூனிபாரம் எங்கள் தெருவில் வருவது நின்றது. அக்கா வாசலுக்கு வரவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தைக்கிறது மட்டும் நிற்கவில்லை.

ஒரு சாயந்திரம் கட்டம் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "பாப்பா, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஒரு கண்ண மூடிக்கினா ஒண்ணா தெரியுது. இதுல எந்த முனையில ஊசி எறக்குறதுன்னு தெரில."

நான் அப்போதே எழுந்து போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாளா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். பொய்க்குத் துணைபோனால் உனக்கும் சேர்ந்து விழும் என்றாள்.

அம்மா நம்பாததற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தச் சமயத்தில் அக்காவின் கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வராமல் ஆகிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை விட்டுவிட்டு விரலால் தைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். துணியைக் கவிழ்த்து, தையல்கள் குறுக்கே ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேடுவாள். அந்த இடம் மட்டும் சின்னதாக மேடு தட்டும். மேட்டின் நடுவில் நகத்தை அழுத்தி, நகத்தை ஒட்டிக் குண்டூசியை இறக்குவாள். பல தடவை விரலில் குத்திக்கொண்டாள். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி தேடுவாள். துணியில் ரத்தம் பட்டால் அதற்கும் ரிஜெக்ட் என்பதால் ஈரத்துணி ஒன்று மடியில் வைத்திருப்பாள். ஒரு கட்டு முழுக்கச் சரியாக வந்த அன்றைக்கு அம்மா சொன்னாள், புத்தியோடு தைத்தால் வருகிறது பார் என்று. அவள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த வழி, அவளுக்கே எதிராகப் போய்ச் சாட்சி சொன்னது.

அந்தக் கட்டங்களில் ஒன்று, கலர் மாறித் தைத்ததால் அனுப்பாமல் விட்டது, எங்கள் டிரங்குப் பெட்டியில் வெகுகாலம் இருந்தது. நீலமும் குங்குமக் கலரும். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்தப் பெருமழையில் எங்கள் ஓடும் ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் போய், சாயம் இறங்கி, எது நட்சத்திரம் எது ஓரம் என்று தெரியாமல் போய்விட்டது. மற்ற துணிகளோடு அதையும் தூக்கிப் போட்டோம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அக்கா மெஷினிலிருந்து எழுந்தவள் கதவு நிலையில் மோதி விழுந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. கால் ஒருபக்கமாகவே இழுத்தது. குடித்தவர்கள் மாதிரி நடந்தாள். அப்போதுதான் அம்மா பயந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துவந்தார். படப்பையில் பார்த்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் சென்னைக்குப் போகச் சொன்னார்.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரி. எங்களைப் பார்த்தது ஒரு இளவயசு டாக்டரம்மா. அக்காவின் முகத்துக்கு நேராக ஒரு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அக்கா ரெண்டு என்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். அக்கா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினாள். ஒன்று என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா என்னவோ ஏதோ என்று அவளைத் தூக்கப் போனார். இது எப்போதிலிருந்து இருக்கிறது என்றும் கேட்டார். அம்மா தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"ஆடியிலேர்ந்து பாயின்ட் சரியா வரலம்மா."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எந்த பாயின்ட் என்று கேட்டார். அம்மா கையை நீட்டி, காற்றில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு முனை காட்டினாள். நான்தான் சொன்னேன், அக்கா நட்சத்திரம் தைக்கும், முனை மழுங்கிப்போச்சு, அப்புறம் காலையில வாந்தி வரும் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அந்த வருஷத்தில் நான் சொன்னதை முழுக்கக் கேட்ட பெரியவர் அவர் ஒருத்தர்தான்.

மண்டைக்குள் பின்பக்கம் கட்டி. பெரிதாகியிருந்தது. ஆபரேஷன் செய்யவேண்டும், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அப்பாவுக்கு எப்படியோ தகவல் போய் லாரியை வழியிலேயே இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வார்டில் பெனாயில் வாசனை. அதோடு பக்கத்துக் கட்டில்காரர்கள் உரிக்கிற ஆரஞ்சு வாசனை. இன்றைக்கும் நான் ஆரஞ்சு வாங்குவதில்லை. பார்வை நேரம் முடிகிறபோதெல்லாம் அக்கா என்னைத்தான் கேட்பாள், மாமா பையன் வந்தாரா என்று. வெளியே நிற்கிறாரா, பார்த்தாயா என்று. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்பேன். நாளைக்கு லீவு கிடைக்கும்போல என்பாள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயந்திரம் அவள் அம்மாவைக் கேட்டாள்.

"நீயும் அப்பிடித்தான் நெனச்சியாம்மா?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்டில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நெனச்சேன்டி."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆயாம்மா வந்து பாத்திரம் எடுத்துப் போனார். விளக்கு போட்டார்கள். நான் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் அக்கா திரும்பினாள்.

"காலைல மொட்டை அடிச்சுடுவாங்களாம். தலைய ஒரு தபா பின்னி உடும்மா."

அம்மா பின்னினாள். என்றைக்கும் அவசரமாகப் பின்னுகிறவள், அன்றைக்கு வகிடு எடுக்கவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னி முடித்து, பிடிக்காமல், அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

ஆபரேஷன் முடிந்து அக்கா கண் திறக்கவில்லை. சில நாள் மூச்சு மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

சாவுக்கு மாமா வந்தார். எல்லாரையும்விட அவர்தான் சத்தமாக அழுதார். அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்து, நான் பார்த்தேன்மா, பார்த்ததைத்தான் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"நீ பாத்தது நெசம்தான் அண்ணா. அது கண்ண மூடுனது நெசம். எதுக்கு மூடுறன்னு நான்தான கேட்டிருக்கணும்."

சடங்கெல்லாம் முடிந்து ஜனங்கள் போனபிறகு, ஒரு மத்தியானம் மாமா பையன் வந்தார். யூனிபாரத்தில் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினார். அவர் இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. அம்மா படுத்திருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என்னப் பத்தி இன்னானா சொல்லிச்சா?"

நான் சின்னப்பெண். யாருக்கு எதைச் சொன்னால் வலிக்கும் என்று யோசித்துப் பேசுகிற வயசில்லை.

"வந்துட்டாரான்னு கேக்கும். தெனமும் கேக்கும்."

அவர் எழுந்தார். ரோட்டைப் பார்க்க நடந்துபோனார். சைக்கிளை எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

சைக்கிள் எங்கள் சுவரிலேயே நின்றது. அதை எடுக்க அவரும் வரவில்லை, அவர் வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. மழையில் நனைந்து செயின் துருப்பிடித்தது. ஒரு நாள் காலையில் அம்மா எழுந்து, முகம் கழுவி, அந்த சைக்கிளைத் துடைத்தாள். செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். நான் கூடப் போனேன். அம்மாவுக்கு சைக்கிள் தள்ளிப் பழக்கமில்லை, பெடல் அவள் காலில் இடித்துக்கொண்டே வந்தது. அடுத்த தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போய், தன் அண்ணன் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. அம்மா யாரையும் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.